இருபதில் பத்தொன்பது

பிள்ளைகள் எல்லாரும் கண் அசந்த பிறகுதான் படிக்க வேண்டும் என்று சம்பூரணம் நினைத்திருந்தாள். ஆனால் கடைசி ஆளாகப் புரண்டுகொண்டிருந்த கவினின் கால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தாளைப் பிரித்துவிட்டாள். பிரித்தாள், படித்தாள், நான்காக மடித்து மடியில் வைத்தாள். ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வெளியே தெருவின் இரண்டு பக்கமும் விசைத்தறிகள் ஓடின. பள்ளிபாளையத்தில் அந்தச் சத்தம் இல்லாத பகல் ஏது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், இந்தப் பிள்ளைகளுக்கு அது வயிற்றில் இருக்கும்போதே கேட்ட சத்தம், அதில்தான் தூக்கமே வரும், கரண்டு போய்த் தறி நின்றால்தான் திடுக்கிட்டு விழிப்பார்கள். இருபது பாய்கள். இரண்டு வரிசை. மேலே சுற்றுகிற காற்றாடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தொண்டையைச் செருமியது. பருப்புச் சோற்று வாசனையும் பவுடர் வாசனையும் யாரோ நனைத்துவிட்ட ஒரு டிரவுசரின் வாசனையும் கலந்து, வெயிலில் காய்ந்த துணி மாதிரி ஒரு சூடு அறை முழுக்கப் பரவியிருந்தது. இந்த ஒரு மணி நேரம் சம்பூரணத்துக்குப் பிடித்தமான நேரம். இருபது வீடுகள் தங்கள் உயிரைக் கொண்டுவந்து இங்கே படுக்கப் போட்டுவிட்டுத் தறிக்குப் போயிருக்கின்றன, அதுவும் என்னை நம்பி, என்று நினைத்தாலே நெஞ்சு நிறைந்துபோகும். ஐம்பத்தொரு வயதாகிறது, இருபத்தாறு வருஷமாக இந்தப் பாலர் பள்ளி, இன்னும் அந்த நிறைவு குறையவில்லை. இன்றைக்கும் அப்படி நிறைந்திருக்க வேண்டிய நேரம்தான், மடியில் அந்தத் தாள் இல்லாமல் இருந்தால்.

அதை எழுதச் சொன்னவளே அவள்தான், யாரை நோக. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஈரோட்டில் ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து இந்த வெள்ளிக்கிழமை வழக்கத்தைத் தொடங்கி வைத்தாள். ஒரு டீச்சர் வகுப்பு நடத்துவாள், இன்னொரு டீச்சர் மூலையில் உட்கார்ந்து எழுதுவாள், மத்தியானம் பிள்ளைகள் பால் குடிக்கிற நேரத்தில் எல்லாருமாக உட்கார்ந்து அதைப் பேசுவார்கள். ஒரே ஒரு விதிதான், கண்ணால் பார்த்ததை எழுது, மனசில் நினைத்ததை எழுதாதே. ‘குழந்தை அடம் பிடித்தது’ என்று எழுதக்கூடாது, ‘குழந்தை தட்டைத் தள்ளிவிட்டது, வாயை மூடிக்கொண்டது’ என்று எழுத வேண்டும். மூன்று வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி அவள் வாய் தேய்ந்துவிட்டது. போன வாரம் ருக்மணி, அவளுக்கு அடுத்தபடி மூத்த டீச்சர், பாத்திரம் கழுவிக்கொண்டே யாரையும் பார்க்காமல் சொன்னாள். “எங்க அத்தன பேரையும் நீங்க பாக்கறீங்க. உங்கள ஆருங்க பாக்கறது?” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சம்பூரணமும் சிரித்துக்கொண்டுதான், “ஆகட்டும், அடுத்த வெள்ளிக்கெழம நானே கதை சொல்றேன், இந்துஜா எழுதட்டும்” என்றாள். இந்துஜா சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. வீட்டில் ஒன்பது மாதக் கைக்குழந்தை. அதட்டினால் அழுதுவிடுகிற ஜாதி. அவளைச் சொன்னது அவள் என்ன எழுதிவிடப் போகிறாள் என்கிற தைரியத்தில்தானா? தாளை நீட்டும்போது அந்தப் பெண் முகத்தை நிமிர்த்தவே இல்லை. “நான் போயி பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டு ரண்டு மணிக்குள்ள வந்தர்றேனுங்க” என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடாத குறையாகப் போனாள்.

முதல் பாதியைப் படித்தபோது சம்பூரணத்துக்குச் சிரிப்புக்கூட வந்தது. டீச்சர் முப்பத்தொரு கேள்வி கேட்டார், பதில் வரும்வரை நான்கு கேள்விக்குத்தான் காத்திருந்தார், மீதி இருபத்தேழுக்கு அவரே பதில் சொல்லிவிட்டார். அடக் கடவுளே, அப்படியா பேசுகிறேன் நான்? அவள் வீட்டுக்காரர் இதைப் படித்தால் சட்டம் போட்டு மாட்டிவிடுவார். அதற்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டு, பேனாவை அழுத்தாமல், மற்ற எழுத்தைவிடச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. ‘வந்திருந்த குழந்தைகள் இருபது. யானை விளையாட்டில் டீச்சர் பத்தொன்பது குழந்தைகளைத் தொட்டார். ஒரு குழந்தையைத் தொடவில்லை.’ பெயர் இல்லை. அவ்வளவுதான். எண்ணியிருக்கிறாள் பார், மூலையில் உட்கார்ந்துகொண்டு என் கையை எண்ணியிருக்கிறாள், என்று முதலில் சுள்ளென்று கோபம்தான் வந்தது. அதோடு இது எப்படி முடியும்? காலையில் சொன்னது குட்டியைத் தொலைத்த அம்மா யானையின் கதை. ஆற்றங்கரையில் குட்டி காணாமல் போய்விட்டது, அம்மா யானை ஒவ்வொருவரிடமும் போய்த் தும்பிக்கையால் முகர்ந்து பார்த்து ‘நீதானா என் குட்டி?’ என்று கேட்கிறது. இடது கையில் புத்தகம், வலது கைதான் தும்பிக்கை. வட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைச் சுற்றி வந்தாள், கன்னத்தில், கழுத்தில், தலையில் தும்பிக்கையை வைத்தாள், ஒவ்வொன்றும் கூச்சத்தில் நெளிந்து ‘இல்லே!’ என்று கத்தியது. வட்டத்தில் எப்படி ஒன்று விட்டுப்போகும்? சின்னப்பெண், எண்ணிக்கையில் தவறியிருப்பாள். இல்லை. அவள் தவற மாட்டாள். சேர்ந்த முதல் மாதமே சாப்பாட்டுத் தட்டில் எத்தனை கறிவேப்பிலை ஒதுங்குகிறது என்று எண்ணிச் சொன்னவள். தவறியிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைக்கிறேன், அதுதான் விஷயம். நினைத்ததை எழுதாதே, பார்த்ததை எழுது. சரி. யார் அது?

பாய்களைப் பார்த்தாள். வலப்பக்க வரிசையிலிருந்து ஆரம்பித்தாள். கவின், அவனைத் தொட்டது நிச்சயம், தும்பிக்கையைப் பிடித்துக் கடித்தே விட்டான். லித்திகா, கன்னம். அப்ரின், கம்மலில் விரல் மாட்டிக்கொண்டு ‘ஐயோ யானைக்கு வலிக்குது’ என்று சொல்லிச் சிரித்தது. ஜெசிந்தா, தலை. அதற்கடுத்து ரித்விக். இங்கே மனம் நின்றது. ரித்விக்குக்கு விரல் இடுக்கெல்லாம் சிரங்கு. ஒரு மாதமாக மருந்து போட்டும் ஆறவில்லை, மற்ற அம்மாக்கள் அவன் பாயைத் தள்ளிப் போடச் சொல்லிக் காதைக் கடிக்கிறார்கள். அவனாக இருக்குமோ? என்னையறியாமல் ஒதுங்கிவிட்டேனோ? இல்லையே, அவன் உச்சந்தலையில் விரலை வைத்தபோது வேர்வையும் எண்ணெயுமாக ஒட்டியதே, அப்புறம் கையைச் சேலையில் துடைத்தேனே. துடைத்தேன். ஆமாம், துடைத்தேன். அதை அவள் எழுதவில்லை, பார்க்கவில்லையோ, பார்த்தும் விட்டுவிட்டாளோ. போகட்டும், தொட்டது தொட்டதுதான். சம்பூரணம் அடுத்த வரிசைக்குப் போனாள். போகும்போதே எந்தப் பாயைத் தாண்டிப் போகப் பார்க்கிறாள் என்று அவளுக்கே தெரிந்தது. ஜன்னலோரப் பாய். யுவஸ்ரீ. ஆற்றோரக் காலனியிலிருந்து வருகிற பிள்ளை, இந்த வருஷம்தான் சேர்ந்தது. அங்கிருந்து ஒரு பிள்ளை இங்கே வந்ததே இதுதான் முதல்முறை. சேர்த்தவள் சம்பூரணம்தான், அதற்காக இரண்டு வீட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அவளுக்குத் தெரியும். அப்படியிருக்க அவளாக இருக்குமா? இருக்கக்கூடாது. வேறு யாராக இருந்தாலும் சரி, அவளாக மட்டும் இருக்கக்கூடாது. அப்போதே கை ஞாபகத்துக்கு வந்தது. குழாயடி. சோப்பு நுரை. அந்தச் சின்னக் கை இரண்டையும் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டதும், யுவஸ்ரீ நுரையை ஊதி, “டீச்சர், குமிழி பாருங்க, உங்க மூஞ்சி தெரியுது” என்றதும். அப்பாடா. தொட்டிருக்கிறேன். நன்றாகவே தொட்டிருக்கிறேன்.

அந்த அப்பாடாவில் ஏதோ ஒன்று இடறியது. கவினை மற்ற நாட்களில் தொட்டதெல்லாம் ஞாபகமில்லை, லித்திகாவைத் தொட்டது காற்று மாதிரிப் போய்விட்டது, இந்த ஒரு பிள்ளையின் கையைக் கழுவிவிட்டது மட்டும் ஏன் நுரை முதற்கொண்டு முத்திரை குத்தி வைத்த மாதிரி இருக்கிறது? யாராவது கேட்டால் எடுத்துக் காட்டவா? சம்பூரணத்தின் அப்பாவுக்கு நான்கு தறி. தறிக்குடோனில் தண்ணீர்ப்பானைப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருக்கும். எல்லாம் ஒரே கடையில் வாங்கிய, ஒரே மாதிரி டம்ளர்கள். காலனியிலிருந்து தார்க்குச்சியில் நூல் சுற்ற வருகிற இரண்டு பெண்களுக்கு எது என்று அடையாளம் வேண்டுமே. அம்மா நெயில் பாலிஷ் குப்பியை அவள் கையில் கொடுத்து, “அடியில ஒரு பொட்டு வெய்யி சாமி” என்றாள். பத்து வயது. சிவப்பு நெயில் பாலிஷ் அந்த வீட்டில் அதற்குத்தான் வாங்கினார்களோ என்னமோ, அவள் விரலுக்கு ஒருநாளும் வைத்ததில்லை, அதனால் அந்த வேலை அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, வட்டம் கோணாமல், இரண்டு டம்ளருக்கும் பொட்டு வைத்தாள். அழிந்தால் மறுபடி வைப்பாள். அதில் தப்பென்று ஒன்று இருப்பது தெரியவே இன்னும் பத்து வருஷம் ஆனது. தெரிந்த பிறகு அந்த வீட்டில் சண்டை போட்டிருக்கிறாள், அந்த டம்ளர்களை எடுத்துப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டிருக்கிறாள், எல்லாம் செய்தாள். வைத்த விரல் இந்த விரல்தான். அவள் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். கோலமாவு படிந்த சாதாரண விரல். போதும், எதற்கு இந்த நினைப்பெல்லாம், அதுதான் அந்தப் பிள்ளையைத் தொட்டாயிற்றே. யாரோ ஒரு குழந்தை தூக்கத்தில் ‘மம்மம்’ என்றது. எழுந்துபோய் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தட்டும்போது கவனித்தாள், தட்டுகிற கை தன்னைத்தானே பார்த்துக்கொண்டு தட்டியது. இந்த ஒரு தாள் வந்து என்ன பாடுபடுத்துகிறது பார்.

அப்புறம் சஷ்மிதா. இடப்பக்க வரிசையில் கடைசிப் பாய். நேராக, மல்லாந்து, கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, போட்டோவுக்குப் படுத்த மாதிரித் தூங்குகிற பிள்ளை. தானே சாப்பிடும், தட்டைத் தானே கழுவும், எழுந்ததும் தன் பாயை மட்டுமில்லாமல் பக்கத்துப் பாயையும் மடிக்கும். இன்று யானை வட்டத்தில் வரும்போது ஜெசிந்தா தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்துவிட, சஷ்மிதா யாரும் சொல்லாமலே எழுந்துபோய்த் துணி எடுத்து வந்து துடைத்தாள். அவள் இடம் காலியாக இருந்தது. யானை காலி இடத்தைத் தாண்டிப் போனது. அதுதான். அவள்தான்! சம்பூரணம் அந்தப் பாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏனென்றால் இந்தப் பிள்ளையை அவளுக்குத் தெரியும், இது அவளேதான். சின்ன வயதில் சம்பூரணத்தின் தம்பிக்கு ஜன்னி வரும். எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் வீடே அவன் மேல் விழுந்து கிடக்கும், அம்மாவின் மடி எந்நேரமும் அவனுக்கு. ஆறு வயது சம்பூரணம் தானே சடை பின்னிக்கொள்வாள், கோணலாக. வருகிறவர்கள் கேட்பார்கள், மூத்தவ எப்படி இருக்கறா? ‘அவளுக்கென்ன, அவ பாட்டுக்கு இருந்துக்குவா’ என்பாள் அம்மா. அதை அவள் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், ரேங்க் அட்டையில் ‘நல்ல மாணவி’ என்று எழுதினார்கள், ஒருத்தராவது தோளில் கை வைத்ததாக ஞாபகமில்லை. கல்யாணத்தன்று மாலை மாற்றும்போதுதான், யாரோ பெரியம்மா முறை, கழுத்து வேர்வையைத் தன் முந்தானையால் ஒற்றிவிட்டாள், அதற்குப் பொலபொலவென்று அழுதுவிட்டாள், பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அழாத பிள்ளை, கடிக்காத பிள்ளை, நனைக்காத பிள்ளை. அதன் பக்கம் யாருடைய கையும் போவதில்லை, போகத் தேவையே இல்லையே. இருபத்தாறு வருஷத்தில் எத்தனை சஷ்மிதாக்களை நான் இப்படித் தாண்டிப் போனேன்? அதைப் போய் இந்துஜா பார்த்திருக்கிறாள். எட்டு மாதம் முன்னால் வந்த பெண். பெரிய டீச்சர், வேலைக்கு எடுத்தவர், எழுதினால் என்ன நினைப்பாரோ என்ற பயத்தையும் மீறி, சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாள். எழுதாமல் விட்டிருக்கலாம், ‘டீச்சர் கதை அருமை’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம், ருக்மணியே போன வருஷம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். சம்பூரணத்தின் கண் நிறைந்து தளும்பியது. வலியில்லை, யாரோ வெகுநாள் கழித்து வந்து தோளில் கை வைத்த மாதிரி. நன்றாக இருப்பாய் பெண்ணே, நீயும் உன் குழந்தையும் நன்றாக இருப்பீர்கள், என்று மனசுக்குள் சொன்னாள். சொல்லச் சொல்ல இதமாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இதமாக இருந்தது. ஆனால் அப்போது அவள் அதைக் கவனிக்கவில்லை.

கரண்டு போனது. ஒன்றே முக்கால் இருக்கும். தெருமுனைத் தறிகள் முதலில், அப்புறம் எதிர்வீடு, அப்புறம் பக்கத்துக் குடோன், ஒன்றன்பின் ஒன்றாக அடங்கி, கடைசியில் காற்றாடியும் இரண்டு சுற்றுச் சும்மா சுற்றி நின்றது. அந்த அமைதி அறைக்குள் வந்து ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பியது. சஷ்மிதாதான் முதலில் எழுந்தாள். கண்ணைக்கூடக் கசக்காமல் பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். “உடு கண்ணு, நான் சுருட்டறேன். நீ இங்க வா” என்று சம்பூரணம் அவளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். பிள்ளை குச்சி மாதிரி விறைத்து உட்கார்ந்தது. அப்புறம் திரும்பி, “டீச்சர், நான் எதுவும் தப்பு பண்ணுனனா?” என்று கேட்டது. “ஒண்ணும் இல்ல சாமி. சும்மா.” சும்மா என்ற சொல் அதற்குப் புரிந்ததோ என்னவோ, சற்று நேரத்தில் முதுகு இளகி அவள் நெஞ்சில் சாய்ந்தது. தலையில் வேப்பெண்ணெய் மணந்தது. இதற்குமேல் என்ன வேண்டும், இந்த ஒரு வெள்ளிக்கிழமைக்காகவே மூன்று வருஷம் பாடுபட்டேன் என்றுகூடத் தோன்றிவிட்டது.

இந்துஜா வந்தபோது சமையலுக்கும் பிள்ளைகளுக்குமாக இருக்கிற பாவாயக்கா மற்றப் பிள்ளைகளை முகம் கழுவக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தாள். இந்துஜா வாசலிலேயே நின்றுவிட்டாள். கண் நேராகச் சம்பூரணத்தின் மடிக்குப் போனது, தாள் அங்கே இல்லை, சஷ்மிதா இருந்தாள்.

“வா இந்து. படிச்சிட்டேன்” என்றாள் சம்பூரணம். “நீ போயி மூஞ்சி கழுவு கண்ணு” என்று சஷ்மிதாவை இறக்கி அனுப்பினாள். “ஏன் அங்கயே நிக்கற? கோவமெல்லாம் இல்ல. நான் உனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நீ எழுதலீன்னா இந்தப் புள்ளையப் பத்தி எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“எந்தப் புள்ளைங்க?”

“சஷ்மிதாதான்.”

இந்துஜா சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போயிருக்கலாம். ஒரு கணம் அவள் அப்படிச் செய்யத்தான் போகிறாள் என்று சம்பூரணத்துக்கே தோன்றியது. அவள் ஆட்டவில்லை.

“சஷ்மிதாவத் தொட்டீங்க டீச்சர். தண்ணி தொடச்சிட்டு வந்து உக்காந்ததும், ‘ஏய், யானை ஒன்ன உட்டுருச்சே’ன்னு திரும்பிப் போயி ரண்டு கன்னத்துலயும் தொட்டீங்க. நீங்க மறந்துட்டீங்க போல.”

“அப்ப ஆரு?”

இந்துஜா ஜன்னலோரப் பாயைப் பார்த்தாள். பாய் காலியாக இருந்தது, தலைமாட்டில் ஒரு நீல ரிப்பன் கிடந்தது.

“யுவஸ்ரீயா? இல்ல இந்து, அவ கைய நானே கழுவி உட்டேனே. குழாயடியில. நொரைய ஊதுனாளே.”

“அது புதன்கெழமைங்க டீச்சர்” என்றாள் இந்துஜா. “இன்னிக்கி நீங்க அவகிட்ட வந்தப்ப, அவ கண்ண மூடிட்டு மூஞ்சியத் தூக்கிக் காட்டிட்டு உக்காந்திருந்தா. நீங்க பொஸ்தகத்த எடக் கையிலருந்து வலக் கைக்கு மாத்திட்டீங்க. ‘நீதானா என் குட்டி’ன்னு கேட்டீங்க. அவ ‘இல்லே’ன்னா. அப்பறம் அடுத்த புள்ளகிட்டப் போனதும் பொஸ்தகத்தத் திரும்ப எடக் கைக்கு மாத்திட்டீங்க. பேரு எழுதக் கை வரலீங்க. கிழிச்சுப் போட்டுருங்க டீச்சர். நான் ஏதோ...”

“இரு” என்றாள் சம்பூரணம். “கொஞ்சம் இரு.”

சுவரில் சாய்ந்துகொண்டாள். தறி இல்லாத அமைதியில் குழாயடிக் கூச்சல் மட்டும் கேட்டது. புத்தகத்தைக் கை மாற்றினேனா? ஞாபகமே இல்லை. எவ்வளவு தேடினாலும் அந்த ஒரு கணம் அகப்படவில்லை, வழவழவென்று துடைத்த இடம் மாதிரி இருந்தது. வேண்டுமென்று செய்திருந்தால் ஞாபகம் இருக்கும். வேண்டுமென்று செய்யவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அவளுக்குத் தெரியாமல், அவளைக் கேட்காமல், அந்தக் கை தானாகவே போய் ஒரு கனமான புத்தகத்தை எடுத்துத் தன்னை நிரப்பிக்கொண்டிருக்கிறது. முப்பது வருஷமாக நான் படித்தது, பேசியது, சண்டை போட்டது எதுவும் அதன் காதில் விழவில்லை. இதற்குச் சாதி என்று பெயர் வைக்கலாமா, இல்லை வெறும் தற்செயல்தானா, பக்கத்தைப் புரட்டத்தான் மாற்றினேனா? அப்படியும் இருக்கலாமே. இருக்கலாம். மனசு அந்த இருக்கலாமை எவ்வளவு ஆசையாகப் போய்ப் பிடிக்கிறது பார். சற்று முன்புதானே இதே மனசு சஷ்மிதா என்று ஒரு கதையைக் கட்டி, அதில் தன்னையே குழந்தையாக்கி மடியில் வைத்துக் கொஞ்சியது. கண்ணீர்கூட விட்டது. யாரும் தொடாத பிள்ளை நான்தான் என்றது. அங்கே ஒரு பிள்ளை கண்ணை மூடி முகத்தைத் தூக்கிக் காத்திருந்துவிட்டு, யானை வரவில்லை என்று தெரிந்ததும் எல்லாரையும் போலவே ‘இல்லே’ என்று சொல்லியிருக்கிறது. அந்த ‘இல்லே’ அவள் காதில் விழுந்ததா? விழவில்லை. இருபது ‘இல்லே’யில் ஒன்று. அவமானத்தில் காது மடல் எரிந்தது. அந்த எரிச்சலுக்கு அடியிலிருந்து, அவளே எதிர்பார்க்காமல், வேறொன்று கிளம்பியது. முன்னே வந்த இதமான நன்றி இல்லை இது. காலில் முள் ஏறிய இடம் தெரியாமல் மாதக்கணக்காக நொண்டியவளுக்கு ஒருத்தி விரலை வைத்து ‘இங்கே’ என்று அழுத்திக் காட்டினால் வருமே, உயிர் போகிற வலியோடு ஒரு தெளிவு, அது. இந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போயிருந்தால்? நான் சஷ்மிதாவைக் கொஞ்சிக்கொண்டே, நிம்மதியாக, இன்னும் பத்து வருஷம் அந்தப் பிள்ளையைத் தாண்டிப் போயிருப்பேன். நல்லவேளை. யார் செய்த புண்ணியமோ, நல்லவேளை.

நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்தச் சொல் அவர்கள் பேச்சில் இல்லாத சொல், மேடையில் சொல்வது. “பாப்பா பால் குடிச்சாளா?” என்று கேட்டாள்.

“குடிச்சாளுங்க” என்றாள் இந்துஜா, அழுதுகொண்டே.

“அந்தத் தாள இந்தா புடி. கிழிக்கறதா, நல்லா இருக்குதே. பேரை எழுது. பொஸ்தகத்தக் கை மாத்துனதயும் எழுது, எந்தக் கையிலருந்து எந்தக் கைக்குன்னு. அவ மூஞ்சியத் தூக்கிக் காட்டுனாள்ல, அதயும். நானே படிச்சுக் காட்டறேன்.”

“எல்லாத்துக்கும் முன்னாலயா டீச்சர்?”

“பின்ன? மத்தவங்களதப் படிச்சப்பெல்லாம் எல்லாத்துக்கும் முன்னாலதான படிச்சோம்.”

பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து பால் குடிக்க, டீச்சர்கள் நான்கு பேரும் அறைக்குள் சம்பூரணத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். முப்பத்தொரு கேள்வியில் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம் அடுத்ததைப் படித்தாள், இந்துஜாவின் கோணல் எழுத்தில் புதிதாகச் சேர்ந்த நான்கு வரிகளை, ஒரு சொல்லையும் முழுங்காமல். யுவஸ்ரீ என்ற பெயர் வந்ததும் அறையில் ஒருத்தரும் அசையவில்லை. “ஏன் அப்படிப் பண்ணுனேன்னு கேட்டா எனக்குத் தெரியல. நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன், தெரியல. ஆனா பண்ணியிருக்கறேன். இனிமே என்னைய வாராவாரம் ஆராச்சும் பாக்கோணும்” என்றாள். ருக்மணி தரையிலிருந்த பாய்க் கோரை ஒன்றை உருவி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றியதை அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். “நான் அவளுக்குத் தலையே சீவி உட்டதில்லீங்க” என்றாள், யாரையும் பார்க்காமல். “மத்த புள்ளைங்களுக்கெல்லாம் சீவறேன். அவங்கம்மா நல்லாத்தான் சீவி அனுப்பறான்னு நெனச்சுக்குவேன்.” இந்துஜா பக்கம் திரும்பி, “அடுத்த வாரம் என்னைய எழுது புள்ள. உள்ளதை எழுது” என்றாள்.

அப்போது வாசலில் நிழல் தட்டியது. யுவஸ்ரீ. மேலுதட்டில் பால் மீசை. பெரியவர்கள் இப்படி வட்டமாக உட்கார்ந்து பேசாமல் இருப்பதைப் பற்றி அதற்கு ஒரு கவலையும் இல்லை. நேராக நடந்து வந்து, இருக்கிறவர்களிலே பெரிய டீச்சர் யார் என்று பார்த்து, சம்பூரணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கவுனின் பின்பக்கம் மூன்று பட்டனும் கழன்று கிடந்தன. “டீச்சர், பட்டன்” என்றது.

நான்கு பேரின் கண்ணும் தன் கையின் மேல் இருப்பது சம்பூரணத்துக்குத் தெரிந்தது. கீழ்ப் பட்டனிலிருந்து ஆரம்பித்தாள். சின்னப் பட்டன், கெட்டியான புதுத் துணி, விரல் வழுக்கியது. சின்ன முதுகு, வேர்க்குரு, தண்டுவடத்தின் மணி மணியான எலும்பு, தூங்கி எழுந்த உடம்பின் சூடு. இது பாசமா, எல்லாரும் பார்க்கிறார்களே என்கிற ஜாக்கிரதையா? பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்றைக்குப் பிரித்துச் சொல்ல முடியாதுதான் போல, நாளைக்கும் முடியாது, அதற்காகக் கையை எடுத்துவிட முடியுமா? இரண்டாவது பட்டன் துளைக்குள் போகாமல் அடம் பிடித்தது. கண் மறைத்தது, கண்ணாடியைத் தூக்கித் துடைக்கவும் கை இல்லை. வெளியே எங்கோ முதல் தறி ஒன்று மறுபடி ஓடத் தொடங்கியது. வராந்தாவில் யாரோ கூப்பிட, யுவஸ்ரீக்கு அவசரம். ஒரு காலை மாற்றி நின்றுகொண்டு கேட்டது.

“ஆச்சா டீச்சர்?”

“இன்னும் ஆகல கண்ணு” என்றாள் சம்பூரணம். “கொஞ்சம் இரு.”